இரைச்சலைத் திறந்து வைத்தவள்

திண்டிவனம் தாலுக்கா ஆபீசுக்கு எதிர்ச் சாரியில் இருந்த அந்த ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். மனுவுக்கு நகல் எடுக்க வந்தவர்கள் முதலில் மெஷினைச் சந்தேகப்படுவார்கள். அப்புறம் அண்ணாந்து மின்விசிறியைப் பார்ப்பார்கள். கடைசியில்தான் மாதா படத்துக்குப் பக்கத்தில், அலமாரியில் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பெட்டி கண்ணில் படும்.

"இன்னாம்மா, ரேடியோ ரிப்பேரா? ஸ்டேஷனே எடுக்கலியே?"

"எடுக்குதுங்க. இப்ப யாரும் பேசல, அவ்ளோதான்."

இதைச் சொல்லிவிட்டு அடுத்த காகிதத்தைக் கண்ணாடிமேல் வைத்து மூடியை அழுத்துவாள். ஒரு நாளைக்குப் பத்து பேராவது கேட்பார்கள். பத்து பேருக்கும் முதல் தடவை சொல்வது போலவேதான் சொல்வாள்.

அவள் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஓசூரிலிருந்து ஃபோன் போட்டுச் சண்டை பிடிப்பாள். புருஷனுக்கு அங்கே கம்பெனியில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய் நாலு வருஷம் ஆகிறது. என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவாள். அந்த உரிமையில் 'அவள்' என்று எழுதுகிறேன்.

நான் அவள் கடைக்கு இரண்டு கடை தள்ளி மைக்செட் வைத்திருப்பவன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கூழ் ஊற்றுவது, எலெக்சன், எதுவானாலும் சுற்றுவட்டாரத்தில் என் ஸ்பீக்கர்தான் அலறும். நான் பேசுவதற்கு மைக்கே தேவையில்லை என்று என் வீட்டுக்காரி சொல்வாள். அதில் எனக்குப் பெருமைதான். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பைத்தியம் இருந்தது, ஹாம் ரேடியோ. பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக வயர்லெஸ் வைத்துக்கொண்டு ஊர் ஊருக்குப் பேசுகிற பைத்தியம். காசு பிரயோஜனம் கிடையாது. விழுப்புரம், செஞ்சி, பாண்டிச்சேரி என்று எங்கள் கூட்டம் இருபது பேருக்குள் அடங்கிவிடும்.

வயர்லெஸ் பெட்டியில் ஸ்குவெல்ச் என்று ஒரு திருகு உண்டு. யாரும் பேசாத நேரத்தில் வரும் இரைச்சலை அது அடைத்து வைக்கும், பேச்சு வந்தால் மட்டும் திறந்துவிடும். பெட்டி வாங்கிய அன்றைக்கே எல்லாரும் செய்கிற முதல் வேலை அதை இறுக்குவதுதான். இறுக்கினால் கடை அமைதியாக இருக்கும், தலைவலி வராது. ஆனால் ஒரு குறை. ரொம்ப மெலிந்து வருகிற சிக்னலையும் இரைச்சலோடு சேர்த்து அது வெளியே நிறுத்திவிடும். நான் நன்றாக இறுக்கி வைத்திருந்தேன். அவள் கடைசிவரை திறந்து வைத்திருந்தாள்.

"எப்படிம்மா இந்த இரைச்சலக் கேட்டுக்கினு வேல செய்யற? எனக்குப் பேஜாரா இருக்குது" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இரைச்சலக் கேக்கலண்ணா. அது இளைக்குதான்னு கேட்டுக்கினு இருக்கேன்."

அதில் விஷயம் இருக்கிறது. எங்களுடையது போன்ற எஃப்.எம். பெட்டியில், அந்தப் பக்கம் யாராவது பேசுகிற பட்டனை அமுக்கினாலே, வாயைத் திறப்பதற்கு முன்பே, இரைச்சல் கொஞ்சம் அடங்கும். பக்கத்தில் இருப்பவன் அமுக்கினால் மொத்தமாக அடங்கிவிடும். தூரத்தில், சின்ன பேட்டரியில் ஒருவன் அமுக்கினால் ஒரு இழை மெலியும். அந்த ஒரு இழையை அவள் காது பிடித்துவிடும். காகிதத்தைக் கையில் வைத்தபடி அப்படியே நின்று, "இரைச்சலுக்குக் கீழ யாரோ இருக்காங்க" என்பாள். நான் எவ்வளவு காதைத் தீட்டினாலும் எனக்கு எல்லாம் ஒரே 'ஸ்ஸ்ஸ்'தான்.

பிளஸ் டூ புத்தகத்தில் பண்பேற்றம், பண்பிறக்கம் என்று போட்டிருப்பார்களே, அதைப் பரீட்சைக்காக நான் நெட்டுருப் போட்டவன். குரல் தானாக நாலு தெரு தாண்டாது, அதனால் அதை ஒரு அலையின்மேல் ஏற்றி அனுப்புகிறோம், அது பண்பேற்றம். அந்தப் பக்கம் அலையைக் கழித்துவிட்டுக் குரலை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள், அது பண்பிறக்கம். ஒரு நாள் கடைக்கு வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி இதைக் கேட்டபோது, இவள் தான் தின்றுகொண்டிருந்த மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், ஒன்றை எடுத்துக் காட்டினாள். "வயல்லேர்ந்து இங்க வந்து சேர்றவரைக்கும் ஓடு வேணும். கைக்கு வந்துட்டா ஒடச்சிப் போட்டுட்டுப் பருப்ப எடுத்துக்கணும். அவ்ளோதான்மா." நான் பத்து நிமிஷம் பலகையில் படம் போட்டு விளக்கத் தயாராகிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போய்விட்டது.

குரலை அலையில் ஏற்றுவதில் ஏ.எம்., எஃப்.எம். என்று இரண்டு வகை. நாங்கள் பேசுகிற எஃப்.எம்.மில் அவளுக்கு ஒரு மனக்குறை உண்டு. பழைய ஏ.எம்.மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் குழம்பிக் கேட்கும், நடுவில் ஒரு விசிலாவது அடிக்கும். வேறு ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்துவிடும். ஆகாய விமானத்தில் இன்னும் ஏ.எம். வைத்திருப்பதில் அந்த வசதியும் உண்டு என்பாள். எஃப்.எம். அப்படி இல்லை. இரண்டு சிக்னல் வந்தால் பலத்ததை மட்டும் சுத்தமாக எடுத்துக்கொடுக்கும், மெலிந்ததை அடியோடு அழுத்திவிடும். மெலிந்தவன் பேசினான் என்பதற்கே அடையாளம் இருக்காது.

"அதான் எஃப்.எம். நல்லா இருக்குது. அழுத புள்ளதான் பால் குடிக்கும்" என்றேன்.

"அழத் தெம்பு இல்லாத புள்ள இன்னாண்ணா பண்ணும்?" என்றாள். சண்டைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். நான் டீ சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

கடையிலும் அவள் நடப்பு இதுதான். தாலுக்கா ஆபீசில் மனு வாங்குகிற ஜமாபந்தி சமயத்தில் கூட்டம் கவுண்டரில் ஏறி விழும். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், "ஏம்மா ஜல்தி, தாசில்தாரு கெளம்பிடுவாரு" என்று நூறு பக்கத்தை நீட்டுவார். அவள் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்து, "பச்சப் புடவ அம்மா, நீங்க இன்னாவோ சொன்னீங்களே?" என்பாள். அந்த அம்மா ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து முதியோர் பென்சனுக்காக இரண்டு பஸ் மாறி வந்திருக்கும். ஒரே ஒரு ஆதார் நகல், அதுவும் முக்கால் மணி நேரமாக வாய்க்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கும். முதலில் அது முடியும். வெள்ளைச் சட்டைக்காரர் மறுநாள் அடுத்த தெரு ஜெராக்சுக்குப் போய்விடுவார். அப்படிப் போனவர்கள் பலர். "ஏம்மா, பெரிய கிராக்கியெல்லாம் வெரட்டிக்கினு இருக்கியே" என்று நானே திட்டியிருக்கிறேன்.

அந்தக் குணம் என் வீட்டுக்குள்ளும் ஒரு நாள் வந்தது. என் அக்கா பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். பெருமுக்கலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேன் வைத்து வந்திருந்தார்கள். நான்தான் தாய்மாமன், நான்தான் மைக்செட், எனவே நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். தாம்பாளம் மாற்றப் போகிற நேரம். இவள் பந்தியில் சாப்பிட்டுக் கைகழுவி வந்தவள், பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நீ எதுனா சொல்லணுமா கண்ணு?" என்று கேட்டிருக்கிறாள். பெண் குனிந்த தலையோடு, "எனக்கு இது வேணாங்க" என்று சொல்லிவிட்டது. ஆறு மாதமாக அந்தப் பெண் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்ததாம். எங்கள் வீட்டில் ஒருவர் காதிலும் விழவில்லை. வேன் வந்த வழியே திரும்பிப் போனது. நான் அவளோடு இரண்டு மாதம் பேசவில்லை. அவள் கடையைத் தாண்டிப் போகும்போது அந்த இரைச்சல் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். சில பேரோடு பழகுவது இப்படித்தான், நல்லவர்கள் என்று தெரியும், ஆனாலும் பக்கத்தில் இருந்தால் பயமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் ஹாம் கூட்டம் காற்றில் கூடும். வாரத்துக்கு ஒருவர் பேர் கூப்பிட்டு வருகை எடுப்பார். என் முறை வந்தால் ஐந்தே நிமிஷத்தில் முடித்துவிடுவேன். அவள் முறை வந்தால் கடைசியில், "வேற யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு முழுசாக அரை நிமிஷம் காத்திருப்பாள். காற்றில் அரை நிமிஷம் என்பது நீளமான நேரம். "பேய் கீய் வருமான்னு பாக்குறியா?" என்று கேலி செய்வேன். "வந்தா பதில் சொல்லிட்டுப் போறேன்" என்பாள்.

ஒரு ஞாயிறு பதில் வந்தது. ஒலக்கூருக்கு உள்ளே ஒரு கிராமம். அங்கே மாதா கோயில் உபதேசியார், அதாவது பங்குச் சாமியார் வர முடியாத நாளில் ஜெபம் நடத்துகிறவர், டி.வி. ரிப்பேரும் பார்ப்பவர், லைசென்ஸ் வாங்கியிருந்தார். கையில் ஒரு ஐந்து வாட் வாக்கி டாக்கி, முழ நீளத்தில்கூட ஆன்டெனா கிடையாது. பூனை பால் குடிக்கிற மாதிரி பேசுவார். மூன்று வாரமாக வருகை சொல்லிக்கொண்டிருந்தாராம், யாருக்கும் கேட்கவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு அவர் பிறகும் கேட்கவில்லை. அவள்தான் ஒவ்வொரு ஞாயிறும், "உபதேசியாரு வந்துட்டாரு" என்று சொல்வாள், நாங்கள் எழுதிக்கொள்வோம்.

இனி அந்த மழை.

இரண்டு நாள் விடாமல் பெய்து, மூன்றாம் நாள் விடியலில் ஒலக்கூர்ப் பக்கம் ஏரிக்கரை உடைந்தது. கரண்டு இல்லை, செல்போன் டவர் இல்லை. தாலுக்காவுக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் பேச ஒரே வழி நான்தான். என் மாடியில் முப்பதடிக் கம்பத்தில் ஆன்டெனா, கீழே இரண்டு லாரி பேட்டரி, ஐம்பது வாட் பெட்டி. விழுப்புரத்தில் கலெக்டர் ஆபீசில் எங்கள் ஆள் ஒருவர் அதே பலத்தில் உட்கார்ந்திருந்தார். தாசில்தார் என் கடைக்கே வந்துவிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து ஊர் ஊராகப் பட்டியல் கொடுக்க, நான் படிக்கப் படிக்க, விழுப்புரம் திருப்பிச் சொல்லும். பால் பவுடர் இத்தனை, ரொட்டி இத்தனை, மெழுகுவத்தி இத்தனை. என் வாழ்நாளில் நான் அவ்வளவு முக்கியமாக இருந்ததில்லை. அதை அனுபவித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஒரு வரியில் சொல்ல வேண்டியதை மூன்று வரியாகச் சொன்னேன். முன்னால் வணக்கம், பின்னால் நன்றி.

ஒன்பது மணி வாக்கில் விழுப்புரம் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் அவள் குரல் வந்தது. "பிரேக், பிரேக்." அவசரமாக உள்ளே நுழைய எங்களிடையே உள்ள வழக்கம் அது. அந்த வார்த்தை வந்தால் யாராக இருந்தாலும் நிறுத்தி வழிவிட வேண்டும்.

"ஸ்டாண்ட் பை. தாசில்தார் மெசேஜ் போய்க்கினு இருக்கு" என்றேன்.

காத்திரு என்று சொன்னவன் திரும்பக் கூப்பிட வேண்டும். நான் கூப்பிடவில்லை, மறந்துவிட்டேன். பட்டியல் அப்படி ஓடிக்கொண்டிருந்தது.

அரை மணி கழித்து, முட்டியளவுத் தண்ணீரில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே வந்து நின்றாள். இரண்டு கடை தூரம்தான், ஆனால் நடுவில் சாக்கடை திறந்து கிடந்தது. அவள் கால்கட்டைவிரலில் ரத்தம் வழிந்தது.

"அண்ணா, ஒரு நிமிஷம் நிறுத்துங்க. கீழ யாரோ இருக்காங்க."

"யாரு?"

"தெரியல. நீங்களும் விழுப்புரமும் மாத்தி மாத்திப் பேசறீங்க. நடுவுல மூச்சு உடுற நேரத்துல இரைச்சல் இளைக்குது. பட்டன அமுக்கறாங்க, பேசறாங்க, அதுக்குள்ள நீங்க ஆரம்பிச்சிடறீங்க."

"இரும்மா, இந்த ஒரு பக்கம் முடியட்டும்."

அவள் தாசில்தாரைப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் பட்டனை அமுக்கி, "மேற்படி ஊராட்சிக்கு மெழுகுவத்தி" என்று ஆரம்பித்தேன். அவள் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். அவள் யாரிடமும் எதையும் பிடுங்கி நான் பார்த்ததில்லை, அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"விழுப்புரம், எல்லா ஸ்டேஷனும், ஒரு நிமிஷம் யாரும் பட்டன அமுக்காதீங்க. வேற யாராவது இருக்கீங்களா?" என்று சொல்லிவிட்டு என் பெட்டியின் ஸ்குவெல்ச்சை முழுக்கத் திறந்தாள்.

கடை முழுக்க இரைச்சல். தாசில்தார் முகத்தைச் சுளித்தார். அந்த இரைச்சல் இளைத்தது. அன்றைக்குத்தான் எனக்கு அது முதன்முதலாகக் கேட்டது. உள்ளேயிருந்து உபதேசியாரின் குரல், நூலிழையாக வந்தது. கோயிலுக்குள் எண்பது பேர் இருக்கிறார்கள். விடியற்காலை குடிசையில் தண்ணீர் புகுந்தபோது, கேப்பை மூட்டையைத் தூக்கப் போன ஒரு பெண்ணைக் கண்ணாடிவிரியன் காலில் கடித்துவிட்டது. கூலி வேலைக்குப் போகிறவள், இரண்டு பிள்ளைகள். கால் வீங்கித் தொடைக்கு ஏறுகிறது. பேட்டரி முடியப் போகிறது. இதைச் சொல்லி முடித்ததும் அது முடிந்தேவிட்டது.

தாசில்தார் எழுந்து ஓடினார், அவரைக் குறை சொல்ல முடியாது. டிராக்டரும் பரிசலுமாக ஆட்கள் போய், பதினோரு மணிக்குமேல் அந்தப் பெண்ணைத் திண்டிவனம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் பிழைத்தது. வலது காலை முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. "ஒரு ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா கால வெச்சிருக்கலாம்" என்று டாக்டர் சொன்னதாக ஆஸ்பத்திரி வாசலில் பேசிக்கொண்டார்கள். உபதேசியார் முதல் தடவை பட்டனை அமுக்கியது எத்தனை மணிக்கு என்று நான் யாரையும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளும் சொல்லவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் நான் கெட்டிருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம்.

மழை நின்று ஒரு மாதம் கழித்து விழுப்புரத்தில் பாராட்டு விழா. மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். 'திண்டிவனத்தின் குரல்' என்று வர்ணித்தார்கள். அவள் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், பேரைத் தப்பாகப் படித்தார்கள். என்னைப் பேசச் சொன்னபோது மைக் கையில் இருந்தது. அந்தப் பெண்ணின் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுந்தேன். குழு முயற்சி என்று ஏதோ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே ஷாமியானாவில் டீயும் பஜ்ஜியும் கொடுத்தார்கள். என்னைச் சுற்றி ஆட்கள், கைகுலுக்கல், செல்ஃபி. உபதேசியார் வந்து கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அவருக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு ஆள், கசங்கிய வேட்டி, டீ டம்ளரைக் குடிக்காமலே பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் என்று உபதேசியார் சொன்னார். நான் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பினேன். உண்மையில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை.

"நீங்க அண்ணாகிட்ட இன்னாவோ சொல்ல வந்தீங்களே, சொல்லுங்க" என்றாள் அவள், அவரிடம்.

எனக்கு அவள்மேல் ஒரு கணம் பழைய ஆத்திரமே வந்தது.

"ஒண்ணும் இல்லீங்க" என்று ஆரம்பித்து அந்த ஆள் நிறுத்தினார். அவள் காத்திருந்தாள். அவர் என்னைப் பார்த்தார். "அன்னிக்கிக் காலையில பேட்டரி தீர்றவரைக்கும் சார் பேசறத நாங்க கேட்டுக்கினேதான் இருந்தோம். பக்கத்துல நின்னு பேசற மாதிரி அம்மாஞ் சுத்தமா கேட்டுது. எங்க வீட்ல அந்த வலியிலயும் சொல்லிக்கினே இருந்தாங்க. 'அவரு பேசறது நம்மளுக்கு இம்மாந் தெளிவா கேக்குதே, நம்ம பேசறது மட்டும் அவருக்குக் கேக்காமயா பூடும்? இரு, வேலையா இருக்காரு, முடிச்சிட்டுக் கூப்புடுவாரு'ன்னு. சாரப் பாத்தா இத சொல்லணும்னு சொன்னாங்க. நீங்க பேசிக்கினு இருந்தது தைரியமா இருந்துச்சாம்."

குத்திக்காட்டுகிறாரா என்று அவர் முகத்தில் தேடினேன். அப்படி எதுவும் இல்லை. உண்மையாகவே நன்றி சொல்லத்தான் வந்திருந்தார்.

"கேக்கலங்க" என்றேன். "இவங்க வந்து சொன்னாங்க. அப்பவும் நான் நிறுத்தல. என்னாலதான்." என் குரல் எனக்கே எட்டவில்லை. விழாப் பந்தலில் யாரோ பாட்டுப் போட்டிருந்தார்கள்.

அவர் காதைச் சாய்த்தார். "இன்னா சார்?"

நான் அவளைப் பார்த்தேன். காற்றில் ஒருவர் பேசியது இன்னொருவருக்கு எட்டவில்லை என்றால் நடுவில் இருப்பவர் வாங்கித் திருப்பிச் சொல்வது எங்கள் வழக்கம். உபதேசியாருக்காக எத்தனையோ ஞாயிறு அவள் அதைச் செய்திருக்கிறாள். இப்போதும் செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அசையவில்லை. பந்தலின் பாட்டு முடிகிற வரை நின்றாள்.

"அண்ணா, இன்னொரு தபா சொல்லுங்க. அவருக்குக் கேக்கல" என்றாள்.

சொன்னேன். பஜ்ஜித் தட்டோடு நின்றிருந்த தாசில்தார் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, என் சொந்தக் குரலில் சொன்னேன்.